பட்டறைக்கா, பழைய இரும்புக்கா?

பதினைந்து வயதான காரை சர்வீசுக்கு விட்டால் மதியத்துக்குள் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்துவிடும். "சார், கிளட்ச் போயிடுச்சு. ரேடியேட்டர் ஒழுகுது. கீழே சஸ்பென்ஷன் முழுக்க ஆட்டம். எல்லாம் சேர்த்து நாப்பத்தஞ்சாயிரம் ஆகும். பண்ணிடவா?" விற்கப்போனால் அந்த வண்டி எண்பதாயிரம்கூடத் தேறாது. வீட்டில் ஒருவர் "அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்பார். இன்னொருவர் "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, எதுக்கு விக்கணும்" என்பார். 2010, 2011 வாக்கில் முதல் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்களில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழ் முடியும் தேதியும் சரியாக அதே நேரத்தில் வந்து நிற்பதால் முடிவைத் தள்ளிப்போடவும் முடிவதில்லை.

இதற்கு ஊரில் ஒரு சூத்திரம் புழங்குகிறது: ரிப்பேர் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சூத்திரம்தான் பல நல்ல வண்டிகளைக் காலத்துக்கு முன்பே காயலான் கடைக்கு அனுப்புகிறது என்பது என் கட்சி.

இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் இதைப் போன்ற ஓர் அளவுகோல் உண்டு. விபத்தில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் செலவு, ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதித் தொகையைக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு அது பொருந்தும். பணத்தைக் கொடுத்ததும் அவர்கள் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட அவர்களுக்கு வண்டி தேவையில்லை. உங்களுக்குத் தேவை. ஆகவே உங்கள் முன்னால் இருப்பது நாற்பத்தைந்தாயிரத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் இடையிலான ஒப்பீடு அல்ல. இந்த வண்டியை இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டும் செலவையும் அதே காலத்துக்கு வேறொரு வண்டி வைத்துக்கொள்ளும் செலவையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அந்த எண்பதாயிரமும் சந்தேகத்துக்குரிய எண். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். வண்டியின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்குபவன் எல்லா வண்டியையும் மோசமானதாக நினைத்தே விலை கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்கமாட்டான். கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும், விலை இன்னும் இறங்கும். இதை நம் கதைக்குப் பொருத்திப் பாருங்கள். பதினைந்து வருடம் ஒரே கையில் ஓடிய வண்டி. ஆயில் எப்போது மாற்றியது, எங்கே இடித்தது, எந்தச் சத்தம் எப்போது தொடங்கியது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வியாபாரி சொல்லும் எண்பதாயிரத்தில் இந்த அறிவுக்கு விலை கிடையாது. அந்தக் காசில் நீங்கள் வாங்கப்போகும் வேறொரு பழைய காரில் இந்த அறிவு உங்களுக்கு இருக்கப்போவதும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஷோரூம் விலை ஐந்தரை லட்சம் உள்ள ஒரு சின்னக் கார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரி இந்த விலைக்கு 13 சதவீதம். அதுவே எழுபத்தோராயிரத்து ஐந்நூறு. இன்சூரன்ஸ், மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆறு லட்சத்து அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாவது ஆண்டு முடிவில் ஷோரூம் விலையில் பாதிதான் மதிப்பு, அதாவது இரண்டே முக்கால் லட்சம். ஐந்தாண்டில் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கரைந்துவிட்டது. ஐந்து லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய், மொத்த வட்டி ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம். இரண்டையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். இதில் பெட்ரோலும் இல்லை, சர்வீசும் இல்லை. வண்டி வாசலில் நிற்பதற்கே இந்தச் செலவு. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் புது வண்டி விலை குறையும்போது உங்கள் பழைய வண்டியின் விலையும் கூடவே குறைகிறது.

பழைய வண்டிக்கு வருவோம். இப்போதைய நாற்பத்தைந்தாயிரம் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் ஆண்டுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. சில்லறை வேலைகளுக்கு இன்னொரு இருபத்தைந்தாயிரம். ஆர்.சி. புதுப்பிக்க ஐயாயிரம், அது ஐந்தாண்டுக்கு. ஐம்பதாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பெட்ரோல் அதிகம் குடிக்குமே என்பீர்கள். உண்மைதான். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பழைய வண்டிக்கும் 20 தரும் புது வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 130 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் பதின்மூவாயிரம். அதைச் சேர்த்தாலும் பழசே மலிவு. ஆனால் ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் நாற்பத்து மூவாயிரம் ஆகிறது. தேய்மானமும் கூடும், நடுவழியில் நிற்கும் பயமும் கூடும். அவருக்கு மாற்றுவதே சரி. மூவாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுபவர் சொந்தக் காரே தேவையா என்று யோசிக்கலாம். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வாடகைக் காருக்குக் கொடுத்தாலும் ஆண்டுச் செலவு அறுபதாயிரத்தைத் தாண்டாது, பார்க்கிங் தொல்லையும் இல்லை.

போன வருடம் ஏ.சி. கம்ப்ரெஸருக்கு முப்பதாயிரம் போட்டோம், இப்போது விட்டால் அது வீண்தானே என்ற புலம்பலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போனது போனதுதான். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பி வராது. ஆனால் நடைமுறையில் பாதிப் பேர் இந்த முப்பதாயிரத்தை நினைத்தே அடுத்த நாற்பதாயிரத்தைப் போடுகிறார்கள்.

ஆராய்ச்சி உலகமும் இந்தக் கேள்வியை விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் மேடிசன் நகரப் பேருந்து நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஹரால்ட் சர்ச்சர். எந்தப் பேருந்தின் எஞ்சினை எப்போது மாற்றுவது என்று மாதாமாதம் முடிவெடுப்பது அவர் வேலை. ஜான் ரஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் அவருடைய பத்தாண்டுப் பதிவேடுகளை எடுத்து, 162 பேருந்துகளின் ஓட்டத்தை வைத்து, 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எஞ்சின் மாற்றும் செலவு ஒரு பக்கம். மாற்றாமல் விட்டால் இனி வரப்போகும் பராமரிப்புச் செலவும், வழியில் நின்று பயணிகளின் நம்பிக்கையை இழப்பதும் மறுபக்கம். இவற்றை எடைபோட்டு எழுதிய கணிதத்துக்கு சர்ச்சரின் முடிவுகள் பெருமளவு ஒத்துப்போயின. அவர் கடைப்பிடித்ததும் கணிதம் கடைப்பிடித்ததும் ஒன்றே: பின்னால் திரும்பிப் பார்க்காமல் இனி ஆகப்போவதைப் பார்ப்பது. நம் ஊரிலும் நல்ல மெக்கானிக் இதைத்தான் செய்கிறார். "இதைப் பண்ணினா அடுத்து என்ன வரும்?" என்று அவரிடம் கேளுங்கள். எஸ்டிமேட்டைவிட அந்தப் பதில் முக்கியம்.

அடுத்து என்ன வரும் என்பது இப்போது போயிருப்பது எது என்பதைப் பொறுத்தது. கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர், பேட்டரி, டயர், ரேடியேட்டர், டைமிங் பெல்ட் எல்லாம் தேயவே செய்யப்பட்டவை. புது வண்டியிலும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். இவை ஒரே நேரத்தில் வந்து மலைக்க வைத்தாலும் இவற்றுக்காக வண்டியைக் கைகழுவ வேண்டியதில்லை. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்தபின் பழைய வண்டிகளில் சில ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற வேண்டிவரலாம். அதுவும் சின்ன வேலைதான்.

எஞ்சின் கதை வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருக்கிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு. கேஸ்கெட் மட்டும் என்றால் சமாளிக்கலாம். ரிங், பிஸ்டன், போர் என்று வேலை இறங்கிவிட்டால் முழு எஞ்சின் வேலைதான். அதற்கு முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். "பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிப் பிரித்துப் போட்ட எஞ்சினை வேண்டாம் என்று திருப்பி எடுத்து வந்தவர்கள் மிகக் குறைவு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது துரு. திருவான்மியூர், நீலாங்கரை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டிகளுக்கு இது தனிக் கண்டம். கதவின் அடியில், டிக்கி ஓரத்தில் தெரியும் துரு கண்ணுக்குத்தான் கேடு. டிங்கரிங், பெயின்ட்டில் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துருதான் ஆளைச் சாய்ப்பது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையை, தரைத் தகட்டை, முன் சஸ்பென்ஷன் வந்து மாட்டும் இடத்தை, ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு பொத்தென்று அமுங்கும். செதில் செதிலாகக் கொட்டும். உள்ளே ஓட்டுநர் காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள். மழை நின்று ஒரு வாரமாகியும் ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேஸி கிடையாது, உடம்பே சேஸி. சஸ்பென்ஷன் மாட்டுமிடம் அரித்துவிட்டால் அதில் பட்டியும் வெல்டிங்கும் போட்டு நிறுத்துவது ஏமாற்று. அந்த வண்டிக்கு எஞ்சின் எத்தனை நன்றாக இருந்தாலும் பயனில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீர் இறங்கியதும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருகியது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை பிழைத்திருந்த எஞ்சின் அந்த ஒரு திருகில் போயிற்று. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இந்தப் பின்விளைவுச் சேதத்தை ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் கால்மிதி வரை மட்டும் வந்திருந்தால் காயவைத்துக் காப்பாற்றலாம். டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார் என்று ஒவ்வொன்றாக ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் பழிவாங்கும். பழைய கார் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் பாதி முடிவைச் செய்துவிடுகிறது. மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றுபோனது, ஆனாலும் சின்ன ஊர் ஸ்பேர்ஸ் கடையில்கூட அதற்குப் பொருள் கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த சான்ட்ரோவுக்கும் கவலையில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இங்கே செவர்லே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் விலகலை அறிவித்து, மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தியை முடித்தது. சர்வீஸ் தொடரும் என்று இந்த நிறுவனங்கள் சொன்னாலும், பம்பர், விளக்கு, கண்ணாடி, எலக்ட்ரானிக் சமாச்சாரம் என்று வரும்போது காத்திருப்பு நீளும். அந்த இடத்தில்தான் சென்னைக்குப் புதுப்பேட்டையும் கோவைக்கு உக்கடமும் கைகொடுக்கின்றன. புதுப்பேட்டைச் சந்துகளில் ஒரு கடையில் கதவுகள் மட்டும், இன்னொன்றில் ஹெட்லைட் மட்டும், மற்றொன்றில் கியர் பாக்ஸ் மட்டும் அடுக்கியிருக்கும். உங்கள் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குவது அங்குள்ள வழக்கம். கதவு, கண்ணாடி, ஸ்விட்ச், சீட் எதையும் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கக் கூடாது.

சட்டத்தைப் பற்றிய பயம் தேவைக்கு அதிகமாகப் பரவியிருக்கிறது. "பதினைஞ்சு வருஷம் ஆனா ஓட்டக் கூடாதாமே" என்று இங்கே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது டெல்லிக் கதை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் விதிக்கப்பட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் போடக் கூடாது என்று அங்கே உத்தரவு போட்டு, சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். 15 ஆண்டு கடந்தால் ஆர்.சி. புதுப்பிக்கக் கூடாது என்ற 2023 விதி அரசு வண்டிகளுக்கானது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படி வயது வரம்பு இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றிதழ் பெற்று, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். கட்டணம்தான் ஏறியிருக்கிறது: 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. துரத்தவில்லை, ஆனால் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய வாகன அழிப்புக் கொள்கைப்படி, பதிவுபெற்ற அழிப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மாநில அரசு சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றும், தயாரிப்பாளர்கள் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்றும் சொல்லப்பட்டது. புதுக் கார் வாங்குவதென்று ஏற்கெனவே முடிவு செய்தவருக்கு இவை லாபம். இதற்காகவே புதுக் கார் வாங்குவது வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை விட்ட கதை.

சூழலின் பெயரால் பழசை ஒழிப்பதும் தோன்றுவதைவிடச் சிக்கலானது. அமெரிக்கா 2009-இல் 300 கோடி டாலர் ஒதுக்கி ஏறக்குறைய 6.8 லட்சம் பழைய வண்டிகளை வாங்கி அழித்தது. எஞ்சினில் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகி நிற்கும்வரை ஓடவிட்டுக் கொன்றார்கள். அதீஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரு அறிஞர்கள் பின்னால் ஆராய்ந்தபோது, அந்தத் திட்டத்தால் கூடிய விற்பனை எல்லாம் அடுத்த சில மாதங்களில் எப்படியும் நடந்திருக்கக்கூடியதே என்று தெரிந்தது. அதே ஆண்டு ஜெர்மனி, ஒன்பது வயதைத் தாண்டிய காருக்குத் தலா 2,500 யூரோ கொடுத்து இருபது லட்சம் கார்களை அழித்தது. நம் கணக்கில், ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுபவர் மிச்சம் பிடிக்கும் 130 லிட்டர் பெட்ரோல் சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். புதுக் காரைச் செய்வதற்கான இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 5 டன் வெளியேற்றும் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், அந்தக் கடனை அடைக்கப் பதினாறு, பதினேழு ஆண்டு ஆகும். நகரக் காற்றுக்கு மட்டும் இந்த வாதம் எடுபடாது. 2020-இல் வந்த பி.எஸ்.-6 வண்டியின் புகைக்கும், பழைய டீசல் வண்டியின் கரும்புகைக்கும் பக்கத்தில் நிற்கவே முடியாத வித்தியாசம். புகை தள்ளும் டீசலை வைத்துக்கொண்டு சூழல் பேசக் கூடாது.

பழசை வைத்துக்கொள்ளச் சொல்லும் என் வாதம் வலுவிழக்கும் இடம் ஒன்று உண்டு, அது பாதுகாப்பு. ஏ.பி.எஸ். பிரேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் அதற்கும் பின்னர். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இங்கே விற்ற ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் நட்சத்திரம் பூஜ்யம். ஊருக்குள் முப்பது, நாற்பதில் ஓடும் வண்டிக்கு இது தள்ளிவைக்கக்கூடிய கவலை. வாராவாரம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அப்படியல்ல. அங்கே நான் போட்ட மிச்சக் கணக்கு செல்லாது.

ஆக, உடம்பில் துரு இறங்காத, எஞ்சின் புகையாத, பாகம் கிடைக்கிற, ஊருக்குள் ஓடுகிற பெட்ரோல் கார் என்றால் நாற்பத்தைந்தாயிரம் போட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். சஸ்பென்ஷன் மாட்டுமிடம் அரித்தது, டேஷ்போர்டு வரை வெள்ளம் ஏறியது, நெடுஞ்சாலையிலேயே வாழ்வது, கரும்புகை டீசல் — இவற்றில் ஒன்றிருந்தாலும் விடைகொடுத்துவிடலாம்.

விடைகொடுக்கும்போது ஒரு காரியத்தில் கவனமாக இருங்கள். தெருமுனையில் எடைக்குப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, அழிந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருந்து, அந்த வண்டி வேறு கையில் ஓடி விபத்து செய்தால், நட்ட ஈடு பதிவில் உள்ள உரிமையாளர் தலையில்தான் விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவுபெற்ற அழிப்பு நிலையத்தில் கொடுத்து, வைப்புச் சான்றிதழை வாங்கி, ஆர்.சி. ரத்தானதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸை அதன் பிறகு நிறுத்தினால் போதும்.